வாங்கை எந்தப் பக்கம் போடுவது?

எங்கள் தோட்டத்தில் மேட்ச் என்றால் கிரவுண்டுக்கு முதலில் போவது பந்து இல்லை, இரண்டு வாங்கு. ஒன்று கோயிலிலிருந்து வரும். மற்றது பிள்ளைக்காம்பராவிலிருந்து. கோயில் வாங்கு நமக்கு. மேட்டுப் பக்கம், சவுக்கு மர நிழலில் போடுவோம். காம்பரா வாங்கு வந்தவர்களுக்கு. பணியப் பக்கம், நேர் வெயிலில். அது சின்னப் பிள்ளைகளுக்குச் செய்த வாங்கு, ஆறடி ஆள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். இப்படி எப்போது முடிவானது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் அப்பாமார் விளையாடின காலத்திலும் இப்படித்தானாம்.

இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தோம். எங்களுக்குள்ளேயே எல்லோரும் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மலையகத்துக் கிரவுண்டைப் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். ஊவாவில் தட்டை நிலம் சும்மா கிடைக்காது. சரிவை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டி நிரப்பித்தான் கிரவுண்ட் செய்ய வேண்டும். அதனால் ஒரு பக்கக்கோட்டுக்கு மேலே மண் திட்டு சுவர் மாதிரி நிற்கும். அதற்கு மேல் பாதை, அதற்கும் மேல் லயம். மற்றப் பக்கக்கோட்டைத் தாண்டினால் பள்ளம், தேயிலை, கான், இன்னும் கீழே ஆறு. எங்கள் கிரவுண்டில் மேடு மேற்கே இருக்கிறது. மூன்று மணிக்கு மேட்ச் தொடங்கும்போதே மேட்டுப் பக்கம் நிழல் விழுந்துவிடும். பணியப் பக்கம் இருப்பவனுக்கு நாலரை மணிவரை சூரியன் முகத்துக்கு நேரே. கோல் கம்பங்கள் வடக்கும் தெற்குமாக இருப்பதால் கோல்காப்பாளர்கள் தப்பித்தார்கள். வாங்கில் இருக்கிறவன் தப்ப முடியாது.

இனி, எங்களை இதை யோசிக்க வைத்த மேட்சுக்கு வருவோம்.

பசறைப் பக்கத்திலிருந்து ஒரு அணி வந்திருந்தது. எங்களைப் போலவே தோட்டத்துப் பொடியன்கள்தான். இரண்டாம் பாதியில் நாங்கள் ஒரு கோல் முன்னுக்கு. பந்து பணியப் போச்சு. எங்கள் பந்துதான், ஆனால் எங்களில் யாரும் அசையவில்லை. முன்னுக்கு இருக்கிறவனுக்கு என்ன அவசரம்? பணியப் பக்கம் வாங்கில் இருந்தவர்கள் அவர்கள், அவசரமும் அவர்களுக்குத்தான். அவர்களுடைய மாற்று ஆட்டக்காரர் ஒருவர் பூட்ஸோடு பள்ளத்தில் இறங்கினார். தேயிலைக்கு நடுவில் கான் எங்கே ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கால் கானுக்குள் போய் முழங்கால் திரும்பிவிட்டது. அவர் விழுந்தபோது மேட்டிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. ஆள் எழும்பவில்லை என்று தெரிந்த பிறகும் இரண்டு மூன்று விசில் வந்தது.

மேட்ச் நாங்கள்தான் வென்றோம். ஒரு கிழமை கழித்து அந்தப் பக்கம் கலியாணம் முடித்த ஒரு அக்கா வந்து சொன்னார், அந்த அண்ணன் இன்னும் மலைக்குப் போகவில்லையாம். கடைசியில் கிட்டத்தட்ட ஒரு மாதப் பேர் போய்விட்டது. தோட்டத்தில் பேர் போவது என்றால் என்ன என்று இங்கே விளக்கத் தேவையில்லை.

அவர் விழுந்தது யாருடைய குற்றமும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அவரை அந்தப் பக்கம் உட்காரவைத்தது நாங்கள். பந்தை எடுக்க நம் ஆள் ஒருவரையும் அங்கே நிறுத்தாமல் விட்டதும் நாங்கள். வாங்கு போடும்போதே அந்த விழுகையில் பாதியை நாங்கள் ஏற்பாடு செய்துவிட்டோம்.

சரி, விதி என்ன சொல்கிறது என்று பார்த்தோம். உதைபந்தாட்டத்தின் முதலாவது விதியில் ஆடுகளத்தைப் பற்றி எல்லாம் இருக்கிறது. பக்கக்கோட்டின் நீளம் 90 முதல் 120 மீற்றர், கோல்கோடு 45 முதல் 90 மீற்றர். ஆசனம் போட்ட இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரு மீற்றர், முன்னால் பக்கக்கோட்டுக்கு ஒரு மீற்றர் வரை, அதுதான் பயிற்றுநர் நிற்கக்கூடிய எல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழும்பி நின்று ஆலோசனை சொல்லலாம். (எங்கள் மேட்டில் ஒரே நேரத்தில் நாற்பது பேர் சொல்வார்கள்.) ஆனால் சொந்த அணி எந்தப் பக்கம், வந்த அணி எந்தப் பக்கம் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. போட்டி நடத்துகிறவர்கள் சொல்வதுதான் முறை, அவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் கிரவுண்ட்காரன் வைத்ததுதான் சட்டம். பெரிய மைதானங்களில் பெரும்பாலும் இரண்டு வாங்கும் ஒரே பக்கம்தான், நடுக்கோட்டுக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும். மாற்று ஆட்டக்காரன் உள்ளே போவதும் நடுக்கோட்டில் என்பதால் அது வசதி. எதிரெதிரே போடும் எங்கள் வழக்கம்தான் கொஞ்சம் விசித்திரம்.

எதிரெதிரே நிற்பதற்குப் பேர்போனது வேறொரு விளையாட்டு. அமெரிக்காக்காரர்கள் புட்போல் என்று சொல்லிப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. அங்கே மயாமியில் ஹார்ட் ராக் ஸ்டேடியத்தில் கூரையின் நிழல் சொந்த அணியான டொல்ஃபின்ஸ் பக்கம் விழும். வந்த அணி புளோரிடா வெயிலில் வறுபடும். அது கட்டடம் கட்டியவர்களுக்குத் தெரியாமல் நடந்த விஷயம் என்று யாரும் நம்புவதில்லை. அதைப் படித்தபோது எங்களில் ஒருவன் சொன்னான், "பாத்தியா, கோடிக் கோடியாக் கொட்டி அவன் செய்றத நம்ம சவுக்கு மரத்த வச்சே செஞ்சிட்டோம்."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சொந்த மைதானம் என்றால் ஒரு சாதகம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சாதகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. 2020 மே 16ஆம் திகதி, கொரோனாவுக்கு நடுவில், ஜெர்மனியின் புண்டஸ்லிகா ஆளில்லாத மைதானங்களில் மறுபடி தொடங்கியது. அதே அணிகள், அதே புல், அதே வாங்கு. சனம் மட்டும் இல்லை. சொந்த மைதானத்தில் வெல்வது குறைந்தது. வழமையாக வந்த அணிக்குத்தான் மஞ்சள் அட்டை கூடுதலாகக் காட்டப்படும், அந்த வித்தியாசமும் சுருங்கியது. பிறகு ஐரோப்பாவின் மற்ற லீக்குகளையும் சேர்த்துப் பார்த்த பல ஆய்வுகள் கிட்டத்தட்ட இதையே சொன்னன. அப்படியென்றால் சாதகத்தில் ஒரு நல்ல பங்கு, சத்தம் கேட்டு மத்தியஸ்தரின் கை கொஞ்சம் ஒரு பக்கம் சாய்வதால் வருகிறது. சம்பளம் வாங்கும், கமரா பார்த்துக்கொண்டிருக்கும் ஜெர்மன் மத்தியஸ்தருக்கே அப்படி. ஞாயிற்றுக்கிழமை பஸ் காசும் ஒரு சாப்பாடும் மட்டும் வாங்கிக்கொண்டு வருகிற எங்கள் மத்தியஸ்தரை யோசித்துப் பாருங்கள். ஓடுபாதை இருக்கும் மைதானங்களில், பதுளை வின்சன்ட் டயஸ் மாதிரி, சனம் கோட்டிலிருந்து தள்ளி இருக்கும். எங்கள் கிரவுண்டில் மேட்டுப் பக்க லைன்ஸ்மனின் பிடரியில் சனத்தின் மூச்சுப் படும்.

அதாவது நம் சாதகம் மேட்டிலிருக்கும் சனம். வாங்கை எங்கே போட்டாலும் சனம் அங்கேயேதான் இருக்கும். வாங்கையும் அங்கே கொண்டுபோய்ப் போடுவதால் நமக்குக் கூடக் கிடைப்பது நிழல் ஒன்றுதான். இழப்பது என்ன என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்தோம்.

முதலாவது, மேட்டுப் பக்கம் பயிற்றுநர் சொல்வது யாருக்கும் கேட்காது. "மேல ஏறு", "அவன விடாத" என்று பின்னால் நாற்பது பேர் கத்தும்போது அவர் தொண்டை கிழியக் கத்துவதும் நாற்பத்தொராவது சத்தம்தான். பணியப் பக்கம் அமைதி. இதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. வாங்கு ஒரு பக்கத்தில் இருந்தால் ஒரு பாதியில் நம் வலது பேக் நம் முன்னால் விளையாடுவான், பக்கம் மாறியதும் மறுபாதியில் இடது பேக். எங்கள் அணியில் இடது பேக் பதினேழு வயதுப் பொடியன். களைப்பு வந்தால் இடம் மறந்துவிடுவான். அவன் இரண்டாம் பாதியில் பயிற்றுநரின் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். 2019இலிருந்து நாணயம் சுண்டி வென்றவர் கோலையும் தேர்ந்தெடுக்கலாம், அல்லது முதல் உதையையும் எடுக்கலாம். எங்கள் தலைவன் எப்போதும் முதல் உதையைத்தான் கேட்பான், பழக்கதோஷம். வாங்கு பணியப் பக்கம் என்றால் இனிக் கோலைக் கேட்கச் சொல்ல வேண்டும். முதல் பாதி வடக்கே அடித்தால் இரண்டாம் பாதியில் அந்தப் பொடியன் நேரே நம் முன்னால் வந்து நிற்பான்.

இரண்டாவது, தண்ணீர். கிரவுண்ட் தட்டை என்று பெயர்தானே தவிர, மேட்டிலிருந்து பணியப் பக்கம் ஒரு சாய்வு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பணியக் கோட்டோரம்தான் முதலில் சேறாகும். அங்கே பந்து உருளுமா, நிற்குமா என்று தெரிய வேண்டியது பயிற்றுநருக்கு. எதிர்ப் பக்கம் நிழலில் இருந்துகொண்டு "விங்ல போடு" என்று சொல்வது சுலபம். சேற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர் அப்படிச் சொல்லமாட்டார்.

மூன்றாவதுதான் எங்களுக்குப் பெரிசு.

மேட்டுக்கு மேலே இருக்கும் லயத்துக்கும் பீலிக்கும் நடுவில் போகும் பாதை, நாங்கள் வாங்கு போடும் இடத்துக்குச் சரியாக மேலே இருக்கிறது. வாங்கு இருந்தால் அதைச் சுற்றி அணிக்காரன், அணிக்காரனின் கூட்டாளி, கூட்டாளியின் மச்சான் என்று ஒரு கூட்டம் நிற்கும். சிலர் கையில் போத்தலும் இருக்கும், பொய் சொல்லி என்ன? ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் நேரம். குடத்தோடு அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து வர மனமில்லாமல் மேல் லயத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மேட்ச் பார்க்க வேண்டும் என்றாலும் இஸ்தோப்பில் நின்றால் தெரிவது ஆண்களின் முதுகுதான். எங்கள் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் ஸ்கூலில் புட்போல் விளையாடுகிறார்கள். அவர்களில் ஒரு தங்கச்சியிடம் "ஏன் மேட்ச் பார்க்க வர்றதில்ல?" என்று கேட்டோம். "எங்கண்ணே நிக்கிறது?" என்றாள்.

அவளுக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை. கிரவுண்டில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய இடம் அந்த மேடு ஒன்றுதான். விளையாட்டே பார்க்க முடியாத கோணத்தில் வாங்கில் குந்திக்கொண்டு மற்றவன் சொந்தக் கதை பேசும் எங்கள் மாற்று ஆட்டக்காரர்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறோம்.

இதையெல்லாம் எங்கள் கூட்டத்தில் சொன்னபோது எதிர்த்துப் பேசியவர் எங்களைவிட வயதில் மூத்தவர், நல்ல ஆட்டக்காரராக இருந்தவர். அவர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறோம். "எந்த டவுன் கிரவுண்டுக்குப் போனாலும் நம்மள எங்கடா உக்கார வச்சான்? வெயில்ல. அப்பெல்லாம் யாரும் ஞாயம் பேசல. இந்த ஒரு கிரவுண்டுதான் நமக்குச் சொந்த மண்ணுன்னு இருக்கு. இங்கயும் வெயில்ல குந்தணுமா?"

சொந்த மண். அந்தச் சொல்லுக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 1948இல் பிரஜாவுரிமை போன சனத்தின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 2003 சட்டத்தோடுதான் மீதி இருந்தவர்களுக்கும் அது முழுசாகத் திரும்பி வந்தது. ஓட்டு இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, நிலம் இல்லை. அந்தக் கிரவுண்டும் நம்முடையது இல்லை. எழுபதுகளில் அரசாங்கம் எடுத்தது, 1992இலிருந்து கம்பனிகள் நடத்துகின்றன. நாளைக்கு அங்கே தேயிலைக் கன்று வைக்கலாம் என்று ஒரு துரை நினைத்தால், கோல் கம்பத்தைப் பிடுங்க ஒரு கடிதம் போதும். அப்படிப்பட்ட இடத்தில், ஞாயிறு பின்னேரம் ஒன்றரை மணிநேரம் மட்டும் "இது எங்க கிரவுண்ட்" என்று நிழலில் கால் நீட்டி உட்காருவதை விட்டுக்கொடு என்று கேட்பது லேசான விஷயம் இல்லை. அந்த அண்ணனின் கோபம் எங்களுக்குப் புரிகிறது.

ஆனாலும் நாங்கள் அவருக்கு ஒத்துப்போகவில்லை. டவுனில் நம்மை வெயிலில் உட்காரவைத்தவனுக்கு நாம் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கணக்கைத் தீர்த்தது பசறையிலிருந்து பஸ் ஏறி வந்த, நம்மைப் போலவே பேர் எண்ணிச் சம்பளம் வாங்குகிற ஒருவரின் முழங்காலில். டவுன் அணி வந்தாலும் அதேதான். சிங்களப் பொடியன்கள் வரும் மேட்சுகளில் மேட்டிலிருந்து என்னென்ன வார்த்தை வரும் என்று நமக்குத் தெரியும். நாம் அங்கே போகும்போது என்ன வரும் என்றும் தெரியும். தனியாக எதிர்ப் பக்கம் உட்காரவைத்த அணியைத் திட்டுவது சுலபம். நம் பொடியன்களும் அவர்களுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தால், மேட்டிலிருந்து வரும் வார்த்தை நம் காதிலும் விழும். கல் வந்தால் நம் மேலும் படும்.

அதனால் எங்கள் யோசனை இது. இரண்டு வாங்கும் பணியப் பக்கம், நடுக்கோட்டுக்கு இரண்டு புறமும். தார்ப்பாய் ஒன்று இரண்டு வாங்கையும் மூடுகிற மாதிரிக் கட்ட வேண்டும். வெயிலைப் பங்கு போடத் தேவையில்லை, நிழலைப் பங்கு போடலாம். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தார்ப்பாய் பறந்து மொனராகலைக்கே போகும் என்று ஒருவன் சிரித்தான். நல்ல கயிறு வேண்டும், ஒத்துக்கொள்கிறோம். பந்து எடுக்கப் பள்ளத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். கான் எங்கே என்று தெரிந்தவர்கள், முன்னுக்கு இருந்தாலும் பின்னுக்கு இருந்தாலும் ஓடுகிறவர்கள். இரண்டாவது பந்து வாங்கக் காசு சேர்த்தால் இந்தச் சில்லறை வேலைகளில் பாதி மிச்சம். மேட்டுப் பக்கக் கொடியை நம் ஆளே பிடிக்கட்டும். அவன் நமக்கு எதிராகக் கொடி தூக்கினால் திட்டுவார்கள்தான், ஆனால் ராத்திரிக்கு அவன் அதே லயத்துக்குச் சாப்பிடப் போகிறவன்.

மேட்டில் பாதையோடு சேர்ந்த பகுதியைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விட வேண்டும். கயிறு கட்டிப் பிரிப்பதா, சும்மா சொல்லி வைப்பதா என்பதில் எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம். கயிறு கட்டினால் கோயில் திருவிழா மாதிரி இருக்கும் என்கிறாள் அந்தத் தங்கச்சி. அவள் சொல்வதைத்தான் கேட்கப்போகிறோம் என்று நினைக்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் யோசனையிலேயே ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பணியப் பக்கம் நிரப்பிய மண். விளிம்பு உறுதியில்லை. வாங்கைக் கோட்டுக்கு ஒரு மீற்றர் விட்டுப் போட்டால் அதற்குப் பின்னால் மூன்று நாலு அடிதான் மிச்சம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடிய பிறகு, மழை மாதங்களில் வெட்டிய மேட்டையோ நிரப்பிய விளிம்பையோ இங்கே யாரும் பழைய கண்ணால் பார்ப்பதில்லை. மேட்டில் வெடிப்புத் தெரிந்தாலோ பணிய விளிம்பில் மண் இறங்கினாலோ அன்றைக்கு எந்தப் பக்கமும் வாங்கு வேண்டாம், மேட்சும் வேண்டாம். மற்ற நாட்களில் ஆடுகளத்தை மேட்டுப் பக்கமாக ஒரு மீற்றர் தள்ளிச் சுண்ணாம்பு போடலாமா என்று அளந்துகொண்டிருக்கிறோம். தள்ளினால் கோல் கம்பங்களையும் பிடுங்கி நட வேண்டும், அதற்குத் தோட்டத்து ஒப்பீசில் அனுமதி கேட்க வேண்டும், கேட்டால் கிரவுண்ட் என்று ஒன்று இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள்.

போன கிழமை வாக்கெடுத்தோம். பதினைந்து பேரில் ஒன்பது பேர் பணியப் பக்கம், ஆறு பேர் மேட்டுப் பக்கம். எதிர்த்துப் பேசிய அண்ணன் ஆறு பேரில் ஒருவர். ஆனால் காம்பரா வாங்கு கூடாது, வந்தவனுக்கும் ஒழுங்கான வாங்கு போட வேண்டும் என்று அவரே சொல்லி, தச்சு வேலை தெரிந்த தன் மாமாவிடம் பலகை கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் பசறை அணியை மறுபடி கூப்பிட்டிருக்கிறோம். முழங்கால் திரும்பிய அந்த அண்ணன் விளையாடமாட்டாராம், பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.